உதாரணத்துக்கு ஓர் அம்பா

786

மருதமுனை,
18.9.1957, புதன்.

இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டப் போகிறவருக்கு முதலில் என் ஸலாம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கிண்ணியாவில் அச்சிமுகம்மது காக்கா இப்போது வேலை செய்கிற விறகு வாடிக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் லெப்பைதான் தொழிலாளருக்கு வருகிற கடிதங்களை வாசித்துக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் ஒரு கெஞ்சல். இதில் என்னைப் பற்றிக் கேவலமான இடங்கள் சில வரும். வாசிக்கிறவர்கள் மரியாதைக்காக அப்படிப்பட்ட இடங்களை மென்று விழுங்கிவிடுவது வழக்கம். நீங்கள் விழுங்க வேண்டாம். எழுதினவன் பள்ளிக்கூட மாஸ்டராயிற்றே என்று இரக்கமும் பட வேண்டாம். ஒரு சொல் விடாமல், சத்தமாக வாசியுங்கள்.

மரியாதைக்குரிய அச்சிமுகம்மது காக்கா அவர்களுக்கு ஜவுபர் மாஸ்டர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கே உடம்பால் சுகம். உங்கள் சுகத்துக்கு அல்லாஹ்விடம் கேட்டபடி இருக்கிறோம்.

உங்கள் வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனம் அங்கேதான் நிற்கும். கைருன்னிஸா ராத்தா தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறார். கை ஓய்ந்திருந்து நான் பார்த்ததில்லை. மூத்த மகள் குர்ஆன் முழுவதும் ஓதித் தமாம் செய்துவிட்டாள். நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய இனிப்பை வாப்பா வந்த பிறகுதான் கொடுப்பது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாரி தொடங்குவதற்குள் கூரைக்குக் கிடுகு மாற்றியாக வேண்டும். உங்கள் தம்பி அப்துல் கபூர் கிடுகுக் கட்டோடு வந்து வாசலில் நின்றாராம். ராத்தா உள்ளே விடவில்லை. “வலைய விட்டு வராத ஆள் கூரைக்கு வரத் தேவல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிடுகு இன்னும் வேலிக்கு வெளியில்தான் கிடக்கிறது.

இனி இந்தக் கடிதம் எழுத வந்த விசயம்.

என் மாமா, அதாவது பக்கீர் முகைதீன் முதலாளி, நேற்று மஃரிப் தொழுதுவிட்டு வந்து என்னை விறாந்தையில் உட்கார வைத்து உங்களுக்கு எழுதச் சொன்னார். “அச்சிய வரச் சொல்லி எழுதுங்க மருமகன். வலைக்காரர் எல்லாருக்கும் முன்னால என்னட்ட மாப்புக் கேக்கட்டும். பழைய எடம் அப்பிடியே இரிக்கி. நான் ஒண்டையும் மனசுல வெச்சிக்கிற ஆள் இல்ல” என்றார். மனசில் வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் போன பிறகு வலை கரைக்கு வர ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் பிடிக்கிறது. இப்போது வலை இழுக்க அம்பா பாடுவது அப்துல் கபூர். குரலில் குறையில்லை. எந்த இடத்தில் பாட்டை நீட்டி எந்த இடத்தில் வெட்டினால் அத்தனை பேரின் கைகளும் ஒன்றாக இறங்கும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கயிறு ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது.

மாமா சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன். மருமகனின் வேலை முடிந்தது. இனி எழுதுவது என் வேலை.

மாப்புக் கேட்க நீங்கள் வராதீர்கள், காக்கா.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் நடந்தது தெரியாது. தெரிந்தால் என்னைப் பற்றி நீங்கள் இப்போது நினைப்பதைவிடக் குறைவாகத்தான் நினைப்பீர்கள். பரவாயில்லை.

கொழும்பில் அமெரிக்கர் நடத்துகிற வாசகசாலையிலிருந்து நான் ஒரு தடித்த புத்தகம் எடுப்பித்து வைத்திருந்தேனே, உங்களுக்கு நினைவிருக்கும். ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்துக்கொண்டுபோன மனிதர்களைச் சந்தையில் விற்றது, பருத்திக் காட்டில் அவர்கள் பாடிய பாட்டுகள், அவர்களை வைத்திருக்கலாமா கூடாதா என்று அந்த நாடே வடக்கும் தெற்குமாகப் பிளந்து அடிபட்டது எல்லாம் அதில் இருந்தன. நமது நாட்டிலும் மொழிச் சட்டம் வந்ததிலிருந்து ஆளுக்கொரு பக்கமாக நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்கூட வாத்திமார் இரண்டு வாங்கில் பிரிந்துதான் உட்காருகிறோம். ஒரு நாடு எப்படிப் பிளக்கிறது என்று நமது ஆட்களுக்குத் தமிழில் எழுதிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு நாசம் செய்கிறவனை யாரும் தடுக்கமாட்டார்கள்.

வலை காயப்போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளை உங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அடிமை என்று நான் சொன்னதும் நீங்கள் என்னை நிறுத்தினீர்கள். “அப்துல் எண்டாலும் அடிமைதானே, மாஸ்டர். என்ட தம்பிக்கும் அதத்தானே பேரா வெச்சிரிக்கி. அது அல்லாஹ்ட அடிமை. மனிசனுக்கு மனிசன் அடிமை எண்டா அதுக்கு வேற சொல்லு வேணும்” என்றீர்கள். இரண்டு நாள் தேடினேன். அகராதியில் கிடைக்கவில்லை. கடைசியில் அடிமை என்றே எழுதிவிட்டேன்.

அந்தப் பாட்டுகளுக்கு இரண்டு பொருள் இருந்தது என்று சொன்னபோதுதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஆற்றைக் கடப்போம் என்று அவர்கள் பாடினால் எசமான் மறுமையைப் பற்றிப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வானாம். பாடுகிறவனுக்கு அது வடக்கே தப்பிப் போகிற ஆறு. நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தீர்கள். “அவனுகளும் அம்பாக்காரனுகள்தான்” என்றீர்கள். பிறகு, நான் கேட்காமலே, கொக்குப் பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள்.

வாசிக்கிறவருக்கு விளங்குவதற்காக அதை எழுதுகிறேன். வலை இழுக்கும்போது காக்கா இப்படி ஓர் அடி எடுப்பார்:

வெள்ளக் கொக்கு வருகுது பார் ஏலோ
வலைக்குத் தப்பின நண்டே, நீ
வளைக்குள்ள போ, வளைக்குள்ள போ.

கொக்கு என்றால் வெள்ளைச் சட்டையோடு கரைக்கு வருகிற முதலாளி. அந்த அடி விழுந்ததும் கடைசியில் நிற்கிறவர் நாலு பாரைக் குஞ்சை மண்ணுக்குள் தள்ளி மூடுவார். அந்த மீன் விற்பதற்கல்ல. இரண்டு வருசத்துக்கு முன் கயிறு காலில் சுற்றி அலைக்குள் போன மர்சூக்கின் பெண்சாதி சுல்பிகாவுக்கு. மர்சூக் அந்த வலைக்காகத்தான் செத்தார். ஆனால் வலையிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு மீன் போகவில்லை. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்து, முதலாளி அனுப்பினது என்றே அவளிடம் சொல்லி வந்தீர்கள். ஏன் என்று கேட்டேன். “பிச்ச எண்டு நெனச்சி அவள் வாங்கப்படாது. வலையில இருந்து வார உரிம எண்டு வாங்கட்டும்” என்றீர்கள். எழும்பிப் போகும்போது, “மாஸ்டர், இது நம்மளோட இரிக்கட்டும்” என்றும் சொன்னீர்கள்.

அந்த ‘நம்மளு’க்குள் கொழும்பில் வாரப் பத்திரிகை வாங்குகிற அத்தனை பேரையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

அன்று அசர் தொழுவதற்கு முன்பே கட்டுரையை எழுதிவிட்டேன். அடிமைகளின் பாட்டில் இருந்த மறைபொருளுக்கு உதாரணமாக நமது கரையின் கொக்குப் பாட்டை வைத்தேன். உங்கள் பெயரைப் போடவில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். ‘எங்கள் கரையில் ஓர் அம்பாக்காரர்’ என்று எழுதினேன். எங்கள் கரையில் அம்பாக்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சுல்பிகாவின் கதையை முதலில் எழுதிப் பிறகு வெட்டிவிட்டேன். அவளுக்காகவென்று வெட்டவில்லை. அதைச் சேர்த்தால் கட்டுரை இளகிவிடும் என்று பட்டது. ஆகவே அச்சில் வந்தது இவ்வளவுதான்: முதலாளி வருகிறபோது தொழிலாளர் பாட்டில் சாடை காட்டி மீனை ஒளிக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர் எனக்குத் தனியாக எழுதிப் பாராட்டினார். நேரில் கண்டு எழுதிய ஆதாரம்தான் கட்டுரைக்கு உயிர் என்றார். அந்தக் கடிதத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தேன்.

முகம்மது தம்பியின் தேத்தண்ணிக் கடையில் பத்திரிகையை வாசிக்கச் சொன்னதே மாமாதான். மருமகன் எழுதினது என்று நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாராம். அமெரிக்காக்காரனின் கொடுமையைக் கேட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, அந்த எசமான்களைத் திட்டினாராம். பிறகு கொக்கு வந்தது. அந்த இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாராம். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனாராம்.

அடுத்த நாள் கரையில் நடந்ததில் நீங்களும் இருந்தீர்கள். வலை அப்போதுதான் ஏறியிருந்தது. மாமா என்னையும் வரச் சொல்லியிருந்தார். “அப்ப நான் ஆள அடிமையா வெச்சிரிக்கன் எண்டா எழுதியிரிக்கிறீங்க?” என்று முதலில் என்னைக் கேட்டார். இல்லை மாமா, உதாரணத்துக்கு என்றேன். உங்களை உதாரணமாக்கின வாய் இதுதான். பிறகு உங்களைக் கையால் காட்டி, “இந்தக் கொக்குக் கதய இவன்தானா ஒங்களுக்குச் சொன்ன? இல்லாட்டி நீங்க கட்டினதா?” என்று கேட்டார்.

காக்கா, அது அவர் எனக்குத் திறந்துவிட்ட கதவு. என் சொந்தக் கற்பனை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டிவிட்டு விசயத்தை முடித்திருப்பார். மருமகன் பைத்தியக்காரன், புத்தகம் படித்துக் கெட்டான் என்று ஊர் சிரித்திருக்கும். அவ்வளவுதான். அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது உங்கள் முகமல்ல. சட்டைப் பையில் இருந்த ஆசிரியரின் கடிதம். கற்பனை என்று சொன்னால் ஆதாரம் போய்விடும், நான் பொய்யன் என்றாகிவிடும் என்று பயந்தேன். “ஓம்” என்றேன்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். மீனை எங்கே விற்றாய் என்று அவர் உங்களைக் கேட்டபோது, நீங்கள் சுல்பிகாவின் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாதது அவளுக்காக. நான் சொல்லாதது எனக்காக. இரண்டு பேரின் மௌனமும் வெளியில் ஒரே மாதிரித்தான் இருந்தது. கள்ளன் என்று அவர் சொன்னதும் நீங்கள் தலைச்சீலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் நல்லது.

உங்களுக்குப் பின்னால் பதினொரு பேர் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்கள் நின்றார்கள், உங்கள் தம்பி உட்பட. ஒரே வீட்டுப் பிள்ளைகள் எதிரும் புதிருமாக நின்ற கதையை அந்தப் புத்தகத்தில் வாசித்தபோது தூரத்துச் சங்கதியாக இருந்தது. இப்போது கரையில் தெற்கே ஒரு கூட்டம், வடக்கே ஒரு கூட்டம். ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதில்லை. போன பதினொரு பேரும் ஒலுவிலில் சாலிஹ் ஹாஜியாரின் வலையில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்பாக்காரர் இல்லை. வருகிறவர் வரட்டும் என்று அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் போய் இருபது நாளைக்குப் பிறகு சுல்பிகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மீன் வராததால் முதலாளிக்குச் சுகமில்லையோ என்று பார்க்க வந்தாளாம். கையில் ஒரு போத்தல் ஓதின தண்ணீர். “முதலாளிட மனம் எதிலயாவது முறிஞ்சி போச்சா மாமி?” என்று என் மாமியைக் கேட்டாள். மாமா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தேன், விளங்கியதைக் கண்டேன். இனி உங்களைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் ஒரு கோர்வை மீன் ஆள் கையில் சுல்பிகா வீட்டுக்குப் போயிற்று, ஊரெல்லாம் பார்க்க. அன்றிலிருந்து தவறாமல் போகிறது. மர்சூக்கின் குடும்பத்தை முதலாளி இரண்டு வருசமாகத் தாங்குகிறார் என்று தேத்தண்ணிக் கடையில் புகழ்கிறார்கள். மாமா மறுக்கவில்லை. “பழசக் கிண்டாதீங்க மருமகன்” என்று என்னிடம் ஒரு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன். அது என் இரண்டாவது ஓம்.

கரைப் பக்கம் போக எனக்கு இப்போது கால் வருவதில்லை. போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்தேன். வலை பாதியில் நின்றது. என்னைக் கண்டதும் அப்துல் கபூர் பாட்டை மாற்றினார். வெள்ளக் கொக்கு வருகுது பார். எனக்குப் பின்னால் முதலாளி வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் உடம்பில்தான் வெள்ளைச் சட்டை இருந்தது.

கைருன்னிஸா ராத்தாவும் இன்று என்னிடம் வந்தார். மாமா மாப்புப் பேச்சு எடுத்ததைக் கேள்விப்பட்டு வந்தார். “மாப்பு எண்டது ஒரு சொல்லுத்தானே மாஸ்டர். கேட்டுப்போட்டு வூட்ட வரட்டும். புள்ளைகள் வாசலப் பாத்துக்கிட்டிரிக்கிகள்” என்றார். ஒரு சொல்தானே என்று அவர் சொன்னது சரி. அந்தச் சொல்லுக்குக் கடன்பட்டவர் யார் என்பதில்தான் ஊர் முழுக்கப் பிழை.

இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாட்டு ஒன்று உண்டு. நான் இருப்பது மாமா கட்டிக் கொடுத்த சீதன வீடு, வாயைத் திறந்தால் பெண்சாதி பிள்ளையோடு தெருவில் நிற்க வேண்டும் என்பது. நேற்று மாமா போன பிறகு என் பெண்சாதி சித்தி லைலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “வூடு என்ட பேருல இரிக்கி. வாப்பா எழும்பச் சொல்ல ஏலா. இனி என்ன சாட்டுச் சொல்லப் போறீங்க?” என்றாள். இன்று சுபஹுக்குப் பிறகு, நான் கூப்பிடாமலே, முக்காட்டைப் போட்டுக்கொண்டு சுல்பிகா வீட்டுக்கு என்னோடு நடந்து வந்தாள்.

சுல்பிகாவிடம் சொல்லிவிட்டேன். மீன் யார் கொடுத்தது, எப்படி வந்தது, நான் என்ன செய்தேன் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கிறபோது அவள் கையிலிருந்த சுளகை நிலத்தில் வைத்தாள். பிறகு, “ரெண்டு வருசமா ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் முதலாளிக்கு துஆக் கேட்டன். யா அல்லாஹ், அதெல்லாம் அச்சிக் காக்காட கணக்குல போட்டிரு” என்றாள். ஊர் முன்னால் உன் பெயரைச் சொல்ல வேண்டி வரும், சொல்லலாமா என்று கேட்டேன். “காக்கா எனக்காகத்தானே கள்ளப் பேர் எடுத்த. சொல்லுங்க மாஸ்டர். நல்லாச் சத்தமாச் சொல்லுங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை வலை போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜும்ஆ முடிந்து வலைக்காரர் எல்லாரும் கிழிந்த வலையைப் பொத்தக் கூடுவார்கள். மாமாவும் வருவார். ஓம் என்று நான் சொன்ன அதே இடம். அங்கே நின்று சொல்லப்போகிறேன். கற்பனை என்று இப்போது சொல்ல முடியாது, அது பொய், அதற்குரிய நாளும் போய்விட்டது. மீன் சுல்பிகாவுக்குப் போனது, அது எனக்குத் தெரியும், தெரிந்தே பேசாமல் நின்றேன், மாமா அனுப்பியதாக ஊர் சொல்கிற அந்த இரண்டு வருச மீனில் ஒன்றையும் மாமா அனுப்பவில்லை. இவ்வளவையும் அவர் முகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். மாமா கெட்டவர் என்று காட்டுவதற்காக அல்ல. அவர் சோற்றைத் தின்றுகொண்டே எழுதினவன் நான். கள்ளன் என்ற சொல்லை உங்கள் மேலிருந்து எடுத்து வேறெங்காவது வைத்தாக வேண்டும். அது யாரில் விழுந்தாலும் விழட்டும், பாதியாவது என்னில் விழும்.

அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். எந்த வலை என்று நீங்களே பாருங்கள். யாருக்கு முன்னாலும் தலை குனிய வராதீர்கள். பிள்ளையின் தமாம் இனிப்பைப் பங்கு வைக்க வாருங்கள்.

நான் உங்களிடம் கேட்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது. அதை இதில் எழுதவில்லை. எழுதினால் வாசிக்கிறவர்தான் தன் வாயால் உங்களிடம் கேட்டதாக ஆகிவிடும். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தே நீங்கள் நம்ப வேண்டும். உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் அல்ல இது. மூன்று எழுதினேன். ஒவ்வொன்றிலும் வருகிற வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். மூன்றும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன. கரையில் சொல்லிவிட்டுத்தான் தபாற்கந்தோருக்குப் போவது, சொல்லாமல் தபாலில் போடுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். அந்தச் சத்தியத்தை மட்டும் நான் முறிக்கவில்லை.

ஆகவே காக்கா, இதை ஒருவர் உங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார் என்றால், நான் சொல்லிவிட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எனக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாக்கையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கடமைப்பட்ட
ஜவுபர்